கிலோமீட்டரை நம்பாதீர்கள்: மார்சேய் முதல் கஸ்ஸி வரை

பிரான்சின் தென்கரையில், மார்சேய் நகரப் பேருந்து கடைசியாக நிற்கும் கலெலோங் என்ற சின்னஞ்சிறு மீனவத் துறையிலிருந்து கஸ்ஸி என்ற துறைமுக ஊர் வரை கடலை ஒட்டியே ஒரு மலைப்பாதை போகிறது. நீளம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். சமதளத்தில் இந்தத் தூரத்தை மூன்று மணி நேரத்தில் ஓடி முடிப்பவர் இங்கே ஏழு மணி நேரம் ஒதுக்க வேண்டும். நடப்பவர்களுக்குப் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கிறது. பெரும்பாலானோர் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்கிறார்கள்.

மலை உயரம் என்று பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. இந்தத் தொடரின் உச்சியான ப்யூஜே மலையே சுமார் 565 மீட்டர்தான். ஆனால் பாதை ஒரே ஏற்றமாக ஏறி ஒரே இறக்கமாக இறங்குவதில்லை. கடல் மட்டம்வரை இறக்கிவிட்டு, மறுபடி கணவாய்க்கு ஏற்றி, மறுபடி கடலுக்கே இறக்கும். இதைப் பல தடவை செய்யும். ஆல்ப்ஸில் ஓடிப் பழகியவர்கள்கூட இங்கே முதல் நாள் முகம் சுளிப்பது இதனால்தான். இந்த அத்தியாயத்தில் தூரக் கணக்கு அதிகம் வராது. நேரம், தண்ணீர், காற்று ஆகிய மூன்றையும் வைத்துத் திட்டமிடுங்கள். கிலோமீட்டரைக் கடிகாரம் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த இடம் எப்படிப்பட்டது

கலாங்க் என்பவை செங்குத்தான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே கடல் புகுந்த குறுகிய பள்ளத்தாக்குகள். பனியுகத்தில் கடல் மட்டம் இன்றையதைவிட நூறு மீட்டருக்கும் கீழே இருந்தபோது இவை ஆற்றுப் பள்ளத்தாக்குகளாக இருந்தன. பிறகு கடல் ஏறி வந்து மூடிக்கொண்டது. மோர்ஜியூ முனைக்கு அடியில் இதற்குச் சாட்சி இருக்கிறது. 1985இல் ஆன்ரி கொஸ்கே என்ற ஆழ்கடல் முக்குளிப்பாளர் 37 மீட்டர் ஆழத்தில் ஒரு சுரங்க வாயிலைக் கண்டார். அதன் வழியே மேலேறிப் போனால் குகை. குகைச் சுவரில் குதிரைகள், கடல்நாய்கள், கைத்தடங்கள். கற்கால மனிதர்கள் நடந்தே போய் வரைந்தவை அவை. கண்டுபிடிப்பு 1991இல்தான் அதிகாரிகளிடம் பதிவானது. அசல் குகைக்குள் யாரும் போக முடியாது. அதன் நகலை 2022 முதல் மார்சேய் துறைமுகத்தில் பார்க்கலாம். ஓட்டத்துக்கு மறுநாள், கால் வலியோடு பார்க்க உகந்த இடம்.

ஓடுபவருக்கு இந்தப் புவியியலில் முக்கியமானது ஒன்றுதான்: சுண்ணாம்புக்கல் தண்ணீரைத் தேக்காது. பெய்த மழை விரிசல்கள் வழியே உள்ளே போய், மலைக்கு அடியில் ஓடி, கடலுக்குள் ஊற்றாக வெளிவருகிறது. கஸ்ஸியை ஒட்டிய போர்-மியூ கலாங்கில் அப்படி ஓர் அடிநில ஆறே கடலில் கலக்கிறது. மேலே ஓர் ஓடை கிடையாது, சுனை கிடையாது. பிரான்சு பெருநிலத்தில் மழை மிகக் குறைவாகப் பெய்யும் பகுதிகளில் இது ஒன்று. வளர்ந்திருப்பவை அலெப்போ பைன் மரங்களும், ரோஸ்மேரி, தைம், முட்கருவாலி நிறைந்த முழங்கால் உயரப் புதர்க்காடும்தான். மணம் பிரமாதமாக இருக்கும். நிழல் இருக்காது.

2012 முதல் இது தேசியப் பூங்கா. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உள்ளூர் மக்கள் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். போர்-மியூவில் கல் உடைக்க வந்த தொழிற்சாலையை எதிர்த்து 1910இல் மார்சேயின் மலைநடைச் சங்கத்தார் முன்னின்று பெரும் கூட்டத்தைக் கூட்டினார்கள். அந்தச் சங்கம் 1897இல் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. நீங்கள் பின்பற்றப்போகும் வண்ணக்குறி மரபு இப்படிப்பட்ட நடைச் சங்கங்களிடமிருந்து வந்ததுதான்.

எப்போது போவது

மார்ச் நடுவிலிருந்து மே இறுதிவரை, பிறகு அக்டோபர் கடைசியும் நவம்பரும். குளிர்காலமும் நல்ல காலமே. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கோடையில் ஓட வராதீர்கள் என்பதே என் கருத்து. வந்தே தீருவேன் என்பவர்களுக்கு விதிகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து மலைக்குள் நுழைவதை மாவட்ட நிர்வாகம் நாள்தோறும் முடிவு செய்கிறது. முதல் நாள் மாலை ஆறு மணி வாக்கில் மறுநாளுக்கான நிறம் வெளியாகும். சிவப்பு என்றால் மலை மூடியாயிற்று. ஓடுபவருக்கும் நடப்பவருக்கும் விலக்கு இல்லை. பூங்காவின் அதிகாரபூர்வச் செயலியான ‘மே கலாங்க்’ இதைக் காட்டும். கோடை நெரிசல் நாட்களில் சுஜித்தோன் கடற்கரைக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2022 முதல் நாளுக்கு 400 பேருக்கு மட்டுமே அனுமதி. முன்பதிவு இலவசம், ஆனால் கட்டாயம். ஆயிரக்கணக்கானோரின் காலடியில் மண் அரிபட்டு பைன் வேர்கள் வெளியே வந்துவிட்டதால் வந்த விதி இது.

இவற்றை வீண் கெடுபிடி என்று நினைப்பவர்கள் 1990 ஆகஸ்டிலும் 2016 செப்டம்பரிலும் இங்கே எரிந்ததைப் பற்றி எந்த மார்சேய்க்காரரிடமாவது கேட்டுப் பாருங்கள். காற்று பலமாக வீசும் நாளில் இந்தப் புதர்க்காட்டில் பரவும் தீயை உங்களால் ஓடி முந்த முடியாது. பாதைகள் பல இடங்களில் பாறைக்கும் கடலுக்கும் நடுவே முடிந்துபோகின்றன. தீ மூட்டுவதும் புகைப்பதும் ஆண்டு முழுவதும் தடை. இரவு தங்கிக் கூடாரம் போடுவதும் அப்படியே.

காற்று

வடமேற்கிலிருந்து வீசும் மிஸ்த்ரால் உலர்ந்த குளிர்காற்று. அது வீசும் நாளில் வானம் துடைத்துவிட்ட கண்ணாடிபோல் இருக்கும். தொலைவிலுள்ள தீவுகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். புகைப்படம் எடுக்க அருமையான நாள். மலைமுகட்டில் ஓட மோசமான நாள். கணவாய்களில் காற்று குவிந்து வருவதால், ஏற்றத்தின் நடுவில் நிதானமாக வீசியது கணவாயைத் தொட்டதும் ஆளைத் தள்ளும். வானிலை அறிக்கையில் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று என்று போட்டிருந்தால் முகட்டுப் பாதைகளை விட்டுவிட்டுக் கடலோரத் தாழ்பாதையைத் தேர்ந்தெடுங்கள். பாதையின் பிற்பகுதியில் வரும் தெவென்சோன் செங்குத்தின் விளிம்பில் அன்று உங்களுக்கு வேலையில்லை.

இதில் ஒரு சாதகமும் உண்டு. மேற்கிலிருந்து கிழக்காக, அதாவது கலெலோங்கிலிருந்து கஸ்ஸிக்கு ஓடினால் மிஸ்த்ரால் பெரும்பாலும் இடது முதுகில் விழும். திசையைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதுமான காரணம். காலையில் சூரியன் முகத்தில் அடிக்கும். தொப்பி போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

கிழக்குக் காற்று வேறு மாதிரி. ஈரத்தையும் மேகத்தையும் கொண்டுவரும். இலையுதிர் காலத்தில் அது சில மணி நேரத்தில் ஒரு மாத மழையைக் கொட்டிவிடும். அப்போது வறண்டு கிடந்த பள்ளங்கள் ஓடையாகும், பாறையும் வழுக்கும். மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

காலுக்கும் முதுகுக்கும்

இங்குள்ள சுண்ணாம்புக்கல்லுக்கு இரண்டு குணம். ஆள் அதிகம் மிதிக்காத இடத்தில் அது கத்தி விளிம்பாக இருக்கும். விழுந்தால் உள்ளங்கை கிழியும். ஆள் அதிகம் மிதித்த இடத்தில், பல தலைமுறை ஏறி இறங்கிய கோயில் படியைப் போல வழவழத்துப் போயிருக்கும். ஆபத்தானது இரண்டாவதுதான். நன்றாகக் காய்ந்த நாளிலும் அது பளபளக்கும்; பளபளப்பு தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள். கஸ்ஸி பக்கம் போர்-பேன் கலாங்கிலிருந்து ஆன்-வோ கலாங்குக்கு இறங்கும் இடத்தில் விடுமுறைச் செருப்போடு வந்தவர்கள் உட்கார்ந்து நகர்வதை நீங்கள் பார்ப்பீர்கள். சிரிக்க வேண்டாம். சில அடிகளில் அதுவே சரியான முறை.

ஆகவே காலணியில் பல் நீளத்தைப் பார்க்காதீர்கள். சேற்றுக்கென்று செய்த நீண்ட பற்கள் இங்கே பாறையில் வளைந்து வழுக்கும். மென்மையான, ஒட்டும் தன்மையுள்ள ரப்பரும் குட்டைப் பற்களும், கல் இடித்தால் தாங்கும் முன்பாகமும் போதும். தேய்ந்துபோன பழைய ஜோடியை இங்கே முடித்துக்கட்டலாம் என்று கொண்டுவராதீர்கள். கணுக்காலுக்கு மேல் ஏறும் காலுறையோ மெல்லிய முழுநீளக் காலாடையோ போட்டால் முட்கருவாலியின் கீறல்கள் குறையும். ஊன்றுகோல்கள் நீண்ட ஏற்றங்களில் உதவும். ஆனால் கையை ஊன்றி ஏற வேண்டிய பாறைகள் வருவதால் மடித்து முதுகில் செருகக்கூடியவையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவையே தொல்லை.

தண்ணீர்: குளிர்காலத்தில் இரண்டு லிட்டர், வசந்தத்தில் மூன்று. இது நீண்ட பாதைக்கு, ஒரு நபருக்கு. எடை கூடுகிறதே என்று குறைக்காதீர்கள். வழியில் சோர்மியூ, மோர்ஜியூ போன்ற குடிசைத் துறைகள் வருகின்றன. பருவ காலத்தில் உணவகம் திறந்திருந்தால் ஒரு புட்டி வாங்கலாம். திறந்திருக்கும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது. உப்புச் சத்துக்கு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த காற்று வியர்வையை உடனே எடுத்துவிடுவதால் எவ்வளவு இழந்தீர்கள் என்பது தெரியாது. சட்டையில் வெள்ளைக் கோடு தெரியும்போது தாமதமாகியிருக்கும்.

இவற்றோடு காற்றுத்தடுப்பு மேலாடை, அவசரப் போர்வை, தலைவிளக்கு, மின்னேற்றம் நிறைந்த கைபேசி. அவசர எண் 112. செங்குத்துச் சுவர்களுக்கு அடியில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. முகட்டுக்கு ஏறினால் கிடைக்கும். மார்சேயில் உங்களைத் தூக்க வருபவர்கள் கடற்படையினராக இருக்கலாம். 1938இல் நகரின் பெரிய கடையொன்று எரிந்து 73 பேர் இறந்த பிறகு, 1939இல் தீயணைப்பையே கடற்படையிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது.

நீண்ட பாதை, கட்டம் கட்டமாக

நகர மையத்திலிருந்து 19ஆம் எண் பேருந்தில் மத்ராக் த மோன்த்ரெதோன் வரை, அங்கிருந்து 20ஆம் எண்ணில் கலெலோங். காலை எட்டு மணிக்குள் ஓடத் தொடங்கிவிட வேண்டும். பாதையின் பெயர் ஜி.ஆர். 98-51. வெள்ளைக் கோட்டுக்குக் கீழே சிவப்புக் கோடு அதன் குறி. அதே நிறங்கள் பெருக்கல் குறியாக இருந்தால் தவறான வழி. இந்த மலை முழுவதும் வேறு நிறங்களிலும் எண்களிலும் உள்ளூர்ப் பாதைகள் குறுக்கும் நெடுக்கும் போகின்றன. சில பாதைகள் பாறை ஏறுபவர்களுக்கானவை, கயிறு வேண்டியவை. குறி மாறினால் உடனே நின்று வரைபடத்தைப் பாருங்கள். 1:15,000 அளவில் பிரெஞ்சு வரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிட்ட தாள் வரைபடம் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. கடிகாரத்தில் ஏற்றிய கோடு செங்குத்துச் சுவருக்கு மேலா கீழா என்று சொல்லாது.

முதல் பகுதி இரக்கம் காட்டும். கலெலோங்கிலிருந்து மார்சேய்வேர் விரிகுடாவரை கடலோரமாகவே, அதிக ஏற்றமில்லாமல், கல் நிறைந்த ஒற்றையடிப் பாதை. எதிரே ரியூ தீவு. இங்கே வேகமாக ஓடலாம். அதனாலேயே ஓடக் கூடாது. உடம்பு சூடாகும் வரை நிதானமாகப் போய், மிச்சத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதையோரம் தரையோடு படர்ந்த முள்மெத்தை போன்ற செடியைக் கண்டால் மிதிக்காதீர்கள். மார்சேய் அஸ்திரகால் என்ற அருகிவரும் தாவரம் அது. உட்காரவும் வேண்டாம்.

அடுத்து வரும் கோர்தியூ பற்றி வழிகாட்டிப் புத்தகங்கள் மௌனம் சாதிக்கும். 1896 முதல் மார்சேயின் கழிவுநீர் கடலில் சேரும் இடம் அது. 1987இலிருந்து சுத்திகரித்துத்தான் விடுகிறார்கள். இருந்தாலும் காற்று தெற்கிலிருந்து வீசினால் மூக்கு கண்டுபிடித்துவிடும். நல்ல ஏற்றம் ஒன்று அங்கிருந்து கணவாய்க்குப் போவதால் தங்கிப் பார்க்கும் ஆசையும் வராது.

கணவாயைத் தாண்டினால் சோர்மியூ, பிறகு மோர்ஜியூ. இரண்டிலும் சிறு படகுகள், தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் மீனவக் குடில்கள். இரண்டிலிருந்தும் தார்ச்சாலை நகருக்கு ஏறிப் போகிறது. கால் பிசகினால் இவை வெளியேறும் வழிகள். மோர்ஜியூவுக்கும் சுஜித்தோனுக்கும் இடையே கைகளையும் பயன்படுத்த வேண்டிய பாறை இடங்கள் வரும். உயரம் என்றால் தலை சுற்றுபவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டியது இங்கேதான்.

சுஜித்தோன் கணவாயில் நின்று கடிகாரத்தைப் பாருங்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு அறிவுரையை வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து வடக்கே அகலமான மண்பாதை லுமினிப் பல்கலைக்கழக வளாகத்துக்கு இறங்குகிறது. அங்கே நகரத்துக்குப் போகும் பி1 பேருந்து நிற்கும். இதற்குப் பிறகு கஸ்ஸி வரை எளிதான வெளியேற்றம் இல்லை. மார்சேயையும் கஸ்ஸியையும் இணைக்கும் ஜினெஸ்த் சாலைக்கு ஏறி வெளியேறலாம், ஆனால் அது நீண்ட ஏற்றம். மேலே போய்ச் சேர்ந்தாலும் கையில் வண்டி இல்லாதவருக்குப் பெரிய உதவி கிடைக்காது. பகல் பன்னிரண்டு மணிக்குள் கணவாய்க்கு வந்து, ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரும் இருந்தால் தொடருங்கள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் லுமினிக்கு இறங்குங்கள். இறங்கியவர் மறு வாரம் லுமினியிலிருந்தே தொடங்கி மீதியை ஓடலாம். அதுவும் முழுமையான ஒரு நாள் ஓட்டம்தான்.

தொடர்ந்தால் கிடைப்பது தெவென்சோன். 300 மீட்டர் உயரத்தில் செங்குத்தின் விளிம்பை ஒட்டிப் பாதை போகிறது. கீழே நேராகக் கடல். மொத்தப் பாதையிலும் அழகான இடம் என்று தயங்காமல் சொல்வேன். இங்கே பார்க்க வேண்டுமானால் நில்லுங்கள். ஓட வேண்டுமானால் பாதையைப் பாருங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யாதீர்கள். இந்தச் சுவர்களில் பாறை ஏறிப் பழகியவர்தான் காஸ்தோன் ரெபுஃபா. 1921இல் மார்சேயில் பிறந்து பிறகு ஆல்ப்ஸின் பெயர்பெற்ற மலையேறியானவர்.

ஆன்-வோவுக்கு இறங்கும் இடம் செங்குத்தும் வழவழப்புமாக இருக்கும். கால்கள் தளர்ந்த நேரத்தில் வருவதால் பெரும்பாலான வழுக்கல்கள் இங்கேதான். நடந்து இறங்குங்கள். கீழே பச்சை நீலத் தண்ணீரைப் பார்த்ததும் குதிக்கத் தோன்றும். மிஸ்த்ரால் வீசி ஓய்ந்த மறுநாள் யோசித்துக் குதியுங்கள். அந்தக் காற்று கடலின் மேற்பரப்புச் சூட்டைத் தள்ளிக்கொண்டு போய்விடுவதால் அடியிலுள்ள குளிர்நீர் மேலே வருகிறது. நடுக் கோடையில்கூட நீர் 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுவதுண்டு. வியர்த்த உடம்புக்கு அது நல்லதல்ல. ஆன்-வோவிலிருந்து ஒரு கடைசி முரட்டு ஏற்றம். பிறகு போர்-பேன், படகுகள் வரிசைகட்டிய நீண்ட போர்-மியூ, கஸ்ஸியின் தெருக்கள்.

சிறிய ஓட்டங்கள்

அரை நாள்தான் இருக்கிறது என்றால் கலெலோங்கிலிருந்து மார்சேய்வேர் விரிகுடாவுக்குப் போய் அதே வழியில் திரும்புங்கள். புதியவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். லுமினியிலிருந்து சுஜித்தோன் கணவாய் வரை போய்த் திரும்புவது இன்னும் எளிது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட்டம் தாங்காது.

கஸ்ஸிக்குக் கிழக்கே நிலம் மாறிவிடுகிறது. காப் கனாய் முகட்டில் வெள்ளைச் சுண்ணாம்பு இல்லை. செம்மண் நிற மணற்கல்லும் கூழாங்கல் திரட்டும். உயரம் கிட்டத்தட்ட 400 மீட்டர், கடலிலிருந்து நேராக எழுகிறது. கஸ்ஸியிலிருந்து லா சியோத்தாவுக்கு இதன் மேல் ஓடலாம். ஏற்றம் ஒன்றுதான், கடுமையானது. ஏறிய பிறகு கால் நன்றாகப் பிடிக்கும். நீண்ட பாதையின் வழவழப்பால் மனம் நொந்தவர்களுக்கு இது ஆறுதல். பலத்த காற்றில் முகட்டுச் சாலையை வண்டிகளுக்கே மூடிவிடுவார்கள். அன்றைக்கு நீங்களும் போகாதீர்கள்.

தார்ச்சாலையே போதும் என்பவர்களுக்கு மார்சேய்–கஸ்ஸி ஓட்டப்பந்தயம் இருக்கிறது. 1979இல் தொடங்கியது. சுமார் 20 கிலோமீட்டர், 327 மீட்டர் உயர ஜினெஸ்த் கணவாய் வழியாக. அக்டோபர் இறுதியில் நடக்கிறது. இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மரியாதை

குறுகிய பாதையில் ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். நடப்பவரைப் பின்னாலிருந்து நெருங்கும்போது தூரத்திலேயே ‘போன்ஜூர்’ சொல்லுங்கள்; காதில் பாட்டோடு வந்து தோளை உரசிப் போகும் ஓட்டக்காரர்களுக்கு இங்கே நல்ல பெயர் இல்லை. வளைவுகளில் குறுக்கே வெட்டி ஓடாதீர்கள். மண் மெல்லிய மலை இது. ஒரு குறுக்குவழி ஒரு மழையில் ஓடையாகிவிடும். குளிர்காலக் கடைசியில் பைன் மரங்களிலிருந்து கம்பளிப்புழுக்கள் வரிசையாக இறங்கிப் போகும். அவற்றின் ரோமம் பட்டால் தோல் வெந்துவிடும். கண்ணில் பட்டால் இன்னும் மோசம். அந்த மாதங்களில் பைன் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள்.

கஸ்ஸி துறைமுகத்தில் சாப்பாடு கிடைக்கும், விலை அதிகம். ரயில் நிலையம் துறைமுகத்தை ஒட்டி இல்லை. மூன்று கிலோமீட்டருக்கு மேல், அதுவும் ஏற்றத்தில். ஓடி முடித்த காலோடு அதற்கு முக்கால் மணி நேரம் வேண்டும். மார்சேய்க்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் கிளம்பும்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.